வீட்டு ஃப்ரீஸ் டிரையரும் அதன் பம்பும்: எதை வாங்குவது, எதை விடுவது?

ஃப்ரீஸ் டிரையர் என்பது உணவை உறைய வைத்து, பம்பு வைத்துக் காற்றை வெளியேற்றிய அறையில் உலர்த்தும் இயந்திரம். அதைப் பற்றிக் கேட்டு, கடந்த மாதம் ஒரே வாரத்தில் மூன்று பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். முதலில் பாலக்கோட்டிலிருந்து ஒரு பெண். "அக்கா, எங்கள் குழுவில் பத்துப் பேர் இருக்கிறோம். தக்காளியைத் தூளாக்கி விற்க ஃப்ரீஸ் டிரையர் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டோம். எந்த இயந்திரம் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். அடுத்து போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர். மூன்றாவது, ஓசூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு தம்பி. வெளிநாட்டில் படிக்கும் மகளுக்குச் சாம்பாரும் பொரியலும் உலர்த்தி அனுப்ப வேண்டும் என்றார்.

மூவரும் கேட்டது ஒரே கேள்வி. மூவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் வீட்டை ஒட்டிய ஓர் அறையில் மூன்று மாம்பழப் பருவங்களாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். அதற்குள் மூன்று பம்புகளை மாற்றிப் பார்த்துவிட்டேன். அதில் தெரிந்ததை எழுதிவைத்தால் அடுத்து அழைப்பவர்களுக்கும் உதவும்.

## எதை வைத்து எடைபோடுவது?

விளம்பரங்கள் தட்டுகளின் எண்ணிக்கையையும் தொடுதிரையையும் காட்டும். நான் வேறு ஐந்தைப் பார்க்கச் சொல்வேன்.

முதலில், உலர்த்தப்போகும் பொருள். அதில் தண்ணீர் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது. இரண்டாவது, ஐஸ் கண்டன்சர், அதாவது ஆவியைப் பிடித்துப் பனியாக்கும் குளிர்ந்த சுவர், உங்கள் அறையின் சித்திரை வெயிலில் எவ்வளவு குளிரும் என்பது. மூன்றாவது, பம்பு முப்பது மணி நேரம் நிற்காமல் ஓடுமா, ஓடி நின்றால் அதைத் திறந்து பார்க்க யார் இருக்கிறார்கள் என்பது. நான்காவது மின்சாரம். ஐந்தாவது, உலர்ந்த ஒரு கிலோவுக்கு ஆகும் செலவு. இயந்திரத்தின் விலை ஒரு முறை கொடுப்பது; இந்தச் செலவு ஒவ்வொரு முறையும் கூடவே வரும்.

## பம்பு என்ன வேலை செய்கிறது?

இதைப் புரிந்துகொள்ளாமல் பம்பைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காற்றழுத்தம் 6.1 மில்லிபாருக்குக் கீழே போய்விட்டால் தண்ணீர் திரவமாக இருக்க முடியாது. உறைந்த பழத்தில் இருக்கும் பனி உருகாமல் நேராக ஆவியாகும். பழத்தின் வடிவமும் நிறமும் மணமும் அப்படியே நிற்பது இதனால்தான். ஆனால் 6 மில்லிபார் போதாது. பழத்தில் இருக்கும் பனி மைனஸ் 20 டிகிரியில் இருக்க வேண்டுமானால் அழுத்தம் சுமார் 1 மில்லிபாருக்கு இறங்க வேண்டும். மைனஸ் 30-க்கு 0.4 மில்லிபாருக்கும் கீழே. பம்பு விற்பவர்கள் இதை மைக்ரானில் சொல்வார்கள். 1 மில்லிபார் என்பது 750 மைக்ரான். வீட்டு இயந்திரங்கள் பொதுவாக 500 மைக்ரானுக்குக் கீழே வேலை செய்கின்றன.

பழத்திலிருந்து வெளியேறும் ஆவியைப் பம்புதான் உறிஞ்சி வெளியே தள்ளுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். 500 மைக்ரான் அழுத்தத்தில் ஒரே ஒரு கிராம் பனி, சுமார் 1,700 லிட்டர் ஆவியாக விரிகிறது. நிமிடத்துக்கு 200 லிட்டர் இழுக்கும் பம்பு அந்த ஒரு கிராமை வெளியேற்றவே எட்டரை நிமிடம் ஆகும். ஐந்து கிலோ மாம்பழத் துண்டில் நான்கு கிலோவுக்கு மேல் தண்ணீர். அதைப் பம்பே வெளியேற்ற வேண்டுமென்றால் 24 நாள் ஓட வேண்டும்!

ஆவியைப் பிடிப்பது கண்டன்சர். மைனஸ் 40-இல் இருக்கும் அந்தச் சுவரில் ஆவி பட்டதும் பனியாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு முறை ஓட்டி முடித்துக் கதவைத் திறந்தால் தேங்காய்த் துருவலை அடைத்து அப்பியதுபோல வெள்ளையாக நிற்கும். பம்பின் வேலை, முதலில் காற்றை வெளியேற்றுவது. பிறகு கதவின் ரப்பர் வளையத்திலும் இணைப்புகளிலும் கசிந்து வரும் காற்றை விடாமல் வெளியேற்றிக்கொண்டே இருப்பது. அவ்வளவுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. பெரிய பம்பு வாங்கினால் சீக்கிரம் உலரும் என்பது தவறு. கண்டன்சர் சரியாகக் குளிராவிட்டால் அது பிடிக்கத் தவறிய ஆவி பம்புக்குள் போகும். பம்பின் ஆயிலில் தண்ணீர் கலக்கும். பம்பு கெட்டுவிட்டது என்று என்னிடம் சொன்னவர்களில் பலருக்குப் பழுது கண்டன்சரில்தான் இருந்தது.

## இயந்திரங்கள்

இறக்குமதி செய்யும் வீட்டு இயந்திரம். இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஹார்வெஸ்ட் ரைட். சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவுகள் இருக்கின்றன. ஆயில் பம்போடும் ஆயில் இல்லாத பம்போடும் விற்கிறார்கள். உறைய வைப்பது முதல் உலர்ந்து முடிவது வரை தானே பார்த்துக்கொள்ளும். பயன்படுத்துபவர்கள் உலகம் முழுவதும் இருப்பதால் எந்தச் சந்தேகத்துக்கும் இணையத்தில் விடை கிடைக்கும். வீட்டு உபயோகத்துக்கு இது நேர்த்தியான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை.

மறைந்திருக்கும் செலவு வேறு. கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் அங்கே பார்த்த விலைக்கும் இங்கே வந்து இறங்கும் விலைக்கும் தொடர்பே இருக்காது. அதைவிட முக்கியம் மின்சாரம். அமெரிக்காவில் 110-120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய மோட்டாரும் கம்ப்ரசரும் 50-இல் மெதுவாக ஓடி, சூடேறும். உறவினர் கப்பலில் அனுப்புகிறார் என்று 110 வோல்ட் இயந்திரத்தை வாங்கிவிடாதீர்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று பின்பக்கத் தகட்டில் அச்சிட்டிருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள்.

சீனத் தயாரிப்பு வீட்டு இயந்திரம். விலை குறைவு, 230 வோல்டில் கிடைக்கும், தோற்றமும் நன்றாக இருக்கும். தரம் ஆளுக்கு ஆள் மாறும். கட்டுப்பாட்டுப் பலகை போய்விட்டால் மாற்றுப் பலகை யார் தருவார்கள் என்ற கேள்விக்கு விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்க முடிந்தால் பார்க்கலாம்.

உள்நாட்டில் செய்யும் சிறிய எவர்சில்வர் இயந்திரம். மருந்து நிறுவனங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் செய்துகொடுப்பவர்கள் உணவுக்கும் சிறிய அளவில் செய்கிறார்கள். பார்க்க அழகாக இருக்காது, தொடுதிரை இருக்காது, பல இயந்திரங்களில் பழத்தைத் தனியாக டீப் ஃப்ரீசரில் உறைய வைத்துத்தான் உள்ளே வைக்க வேண்டும். விலை லட்சங்களில். ஆனால் கம்ப்ரசர் நம் ஊர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குப் பழக்கமானது, பம்பு சந்தையில் தனியாகக் கிடைப்பது, ரப்பர் வளையத்தை அளவு கொடுத்து வாங்கலாம். நான் இப்போது வைத்திருப்பது இந்த வகை. தொழிலாகச் செய்பவர்களுக்கு இதையே சொல்வேன். ரசீதோடு வாங்குவதால் கடனுக்கும் மானியத்துக்கும் கணக்குக் காட்டலாம். 2020-இல் தொடங்கிய மத்திய அரசின் குறு உணவு நிறுவனங்கள் திட்டத்தில், தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம், 10 லட்சம் ரூபாய் உச்சவரம்பு என்று மானியம் வைத்திருந்தார்கள். இப்போது எந்தத் திட்டம் நடப்பில் இருக்கிறது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு விலைப்புள்ளி வாங்குங்கள்.

பழைய டீப் ஃப்ரீசரில் நாமே சேர்த்துக் கட்டுவது. திறமையான மெக்கானிக் கூட இருந்தால் முடியும். என் முதல் இயந்திரம் இப்படிச் செய்ததுதான். பாடம் படிக்க உதவியது. விற்பனைக்கான உணவுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெற்றிட அறையின் சுவர்மேல் வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஒரு கிலோ கனத்தில் அழுத்துகிறது. ஓரடிக்கு ஓரடி கதவு என்றாலே ஏறத்தாழ ஒரு டன் சுமை. சரியான கனமில்லாத அக்ரிலிக் கதவு உடைந்தால் சில்லுகள் முகத்தில் தெறிக்கும்.

## பம்புகள்

ஏசி மெக்கானிக்கின் பம்பு. கடையில் உடனே கிடைக்கும், விலை ஆயிரங்களில். ஒரு கட்டம், இரண்டு கட்டம் (காற்றை அடுத்தடுத்து இரு முறை அழுத்தித் தள்ளுவது) என இரு வகை. ஒரு கட்டப் பம்பு காகிதத்தில் 150 மைக்ரானுக்குப் போகும் என்று போட்டிருந்தாலும், ஈரம் கலந்த பிறகு அதன் பக்கத்தில்கூடப் போகாது. இரண்டு கட்டப் பம்பில் 15, 25 மைக்ரான் என்று எழுதியிருக்கும். புதிதில் அதற்கு நெருக்கமாகவும் போகும்.

நான் முதலில் வாங்கியது இந்த இரண்டு கட்டப் பம்பு. முதல் முறை அருமையாக ஓடியது. மூன்றாவது முறை மீட்டர் 1,500 மைக்ரானுக்குக் கீழே இறங்கவே இல்லை. நள்ளிரவில் கீழே இருந்த வடிகால் திருகைத் திறந்தேன். தேன் நிறத்தில் ஊற்றிய ஆயில், மோர்போல வெள்ளையாகக் குமிழோடு வடிந்தது. கையில் பட்டது வழவழப்பாக இல்லை, பசபசவென்று இருந்தது. மறுநாள் வந்த மெக்கானிக் அண்ணன் பம்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது ஏசிக் குழாயில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்துவதற்குச் செய்தது. இதை ஒன்றரை நாள் ஓட்டினால் பாவம், என்ன செய்யும்?" என்றார். அந்தப் பருவம் முடிவதற்குள், உள்ளே சுழன்று காற்றைத் தள்ளும் அதன் வேன் தகடுகள் தேய்ந்துவிட்டன.

மாதத்துக்கு ஓரிரு முறை, கறிவேப்பிலை, முருங்கைக்கீரை என்று தண்ணீர் குறைந்த பொருளை உலர்த்துபவர்களுக்கு இது போதும். ஒவ்வொரு முறையும் ஆயில் மாற்ற மனம் வேண்டும்.

தொழிற்சாலைத் தர ரோட்டரி வேன் பம்பு, ஆயிலோடு. இதுவும் இரண்டு கட்டம்தான். ஆனால் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆயில் கொள்ளளவு அதிகம்; நாள் கணக்கில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. பெல்ட்டில் ஓடும் வகை மெதுவாகச் சுற்றுவதால் சத்தமும் சூடும் குறைவு. நேரடி மோட்டார் வகை இடத்தை அடைக்காது.

இதில் கட்டாயம் இருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கேஸ் பேலஸ்ட் வால்வு. கொஞ்சம் வெளிக்காற்றை உள்ளே விட்டு, ஆயிலில் கலந்த ஈரத்தை ஆவியாகவே வெளியேற்றும் சிறு திருகு அது. உலர்த்தத் தொடங்குமுன் பம்பு சூடேறும்வரை அரை மணி, முடிந்தபின் அரை மணி அதைத் திறந்து ஓட்டினால் ஆயிலின் ஆயுள் பல மடங்கு கூடும். இந்த ஒரு பழக்கம் எனக்கு மிச்சப்படுத்திய ஆயிலுக்குக் கணக்கே இல்லை. இரண்டாவது, மின்சாரம் நின்றால் தானே மூடிக்கொள்ளும் வால்வு. அது இல்லாத பம்பு நின்றால் வெற்றிட அறை ஆயிலைத் திருப்பி உறிஞ்சிவிடும். எனக்கு நடந்தது. விடியற்காலை மின்சாரம் போயிருக்கிறது. நான் எழுந்து போய்ப் பார்க்கும்போது ஹோஸ் முழுவதும் ஆயில், கீழ்த்தட்டில் செந்தூரா மாம்பழத் துண்டுகளின் மேல் மஞ்சள் திட்டுகள். ஐந்து கிலோவையும் குழி தோண்டிப் புதைத்தேன். மாட்டுக்குக்கூடப் போட முடியவில்லை.

மறைந்த செலவு ஆயில்தான். வேக்குவம் பம்புக்கென்று விற்கும் ஆயிலையே ஊற்ற வேண்டும். என்ஜின் ஆயில் கூடவே கூடாது. கலங்கிய ஆயிலைக் கேனில் இரண்டு நாள் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை வடிகட்டிச் சில முறை திரும்பப் பயன்படுத்தலாம். கறுத்துவிட்டால் விடுங்கள். கழிவு ஆயிலைச் சாக்கடையிலோ வரப்பிலோ கொட்டாமல், பழைய என்ஜின் ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுங்கள். பம்பின் புகைபோக்கியைக் குழாய் போட்டு வெளியே விட வேண்டும். உணவு வேலை நடக்கும் அறையில் ஆயில் புகை நிற்கவே கூடாது.

இவ்வளவு சொல்லியும் என் தேர்வு இதுதான். காரணம், இதை என்னால் திறக்க முடியும். வேன் தகடு, ஸ்பிரிங், ஆயில் சீல் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கின்றன. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர், பெங்களூரு தொண்ணூறு. பீன்யாவின் பட்டறைகளுக்குக் காலையில் பஸ்ஸில் கொண்டுபோனால் இரவுக்குள் வீடு திரும்பலாம். கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கும் இருக்கும் இந்த வசதியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்.

ஆயில் இல்லாத ஸ்க்ரோல் பம்பு. சுருள் வடிவத் தகடுகள் இரண்டில் ஒன்று அசையாமல் நிற்க, மற்றது அதற்குள் உரசாமல் வட்டமடித்துக் காற்றைத் தள்ளும். ஆயில் மாற்ற வேண்டாம், புகை இல்லை, சத்தம் குறைவு. உணவில் ஆயில் கலக்கும் அச்சமே இல்லை. தேவையான வெற்றிடத்துக்கும் எளிதாகப் போகும்.

இதைப் பராமரிப்பே இல்லாத பம்பு என்று விற்கிறார்கள். அது உண்மையில்லை. சுருளின் விளிம்பில் இருக்கும் சீல் தேயும். காலக்கெடு வைத்து மாற்ற வேண்டும். பழத்தூள் உள்ளே போனால் அந்த சீல் இன்னும் விரைவாகத் தேயும் என்பதால் முன்னால் வடிகட்டி வேண்டும். உள்ளே ஈரம் தங்கினால் துருப்பிடிக்கும். முடிந்ததும் வெறும் காற்றோடு ஓட்டி உலர்த்த வேண்டும். விலை, நல்ல ஆயில் பம்பைப்போலப் பல மடங்கு. பழுதானால் அநேகமாக நிறுவனத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்; மாம்பழப் பருவத்தின் நடுவில் பம்பு மூன்று வாரம் வெளியே இருந்தால் அந்த ஆண்டு போயிற்று.

அடுக்குமாடி வீட்டுக்கும், ஆயில் மாற்ற முடியாத முதியவர்களுக்கும், பணம் பெரிய தடையில்லாதவர்களுக்கும் இதுவே சரி.

டயாபிரம் பம்பும் ஆயில் இல்லாத பிஸ்டன் பம்பும். மலிவான இயந்திரங்களோடு சில நேரம் இவற்றைச் சேர்த்துத் தருகிறார்கள். சிறிய டயாபிரம் பம்புகள் பல 2 மில்லிபாருக்கு மேலேயே நின்றுவிடும். அந்த அழுத்தத்தில் பனி மைனஸ் 13 டிகிரியில் இருக்கும். சர்க்கரை மிகுந்த மாம்பழம் அந்த வெப்பநிலையில் கெட்டியாக நிற்காது. உருகி, நுரைத்து, தட்டில் மிட்டாய்ப் பாகுபோல ஒட்டும். வேண்டாம்.

ஒரே பார்வையில்:

| | ஏசி மெக்கானிக் பம்பு | ரோட்டரி வேன், தொழிற்சாலைத் தரம் | ஸ்க்ரோல் |
|---|---|---|---|
| விலை | ஆயிரங்களில் | பல ஆயிரங்களிலிருந்து லட்சம் வரை | லட்சங்களில் |
| 30 மணி நேர ஓட்டம் | தாங்காது | தாங்கும் | தாங்கும் |
| ஆயில் | ஒவ்வொரு முறையும் | நிறம் பார்த்து | இல்லை |
| சத்தமும் புகையும் | அதிகம் | வெளியே குழாய் வேண்டும் | மிகக் குறைவு |
| பழுது பார்ப்பது | உள்ளூரில் | ஓசூர், பெங்களூரு | நிறுவனத்திடம் |
| பொருந்துவது | எப்போதாவது கீரை, இலை | மாம்பழம், பலா, தினசரி வேலை | வீடு, சிறு அளவு |

## அறையும் மின்சாரமும்

தகரக் கூரைக்குக் கீழே இயந்திரத்தை வைக்காதீர்கள். மாம்பழம் வருவதும் வெயில் கொளுத்துவதும் ஒரே மாதங்களில். 40 டிகிரி அறையில், மைனஸ் 40 என்று எழுதிய கண்டன்சர் மைனஸ் 30-ஐத் தாண்டத் திணறும். இயந்திரமே ஒரு சிறிய ஹீட்டர்போல அறையைச் சூடாக்கும். ஓடு வேய்ந்த அறை, வடக்குப் பார்த்த சன்னல், சூட்டை வெளியே தள்ளும் விசிறி, இவை மூன்றும் இருந்தால் என் கணக்கில் பாதி இயந்திரம் வாங்கியதற்குச் சமம். ஓசூர்க்காரர்களுக்கு 900 மீட்டர் உயரத்தின் குளிர்ச்சி இலவசமாகக் கிடைக்கிறது.

நான் இயந்திரத்துக்குத் தனி மீட்டர் வைத்திருக்கிறேன். ஐந்து கிலோ பெங்களூரா மாம்பழத் துண்டு, முன்பே உறைய வைத்தது, உலர்ந்து முடிய ஏறத்தாழ 30 மணி நேரம், 28 யூனிட்டுக்கு முன்பின். கிடைப்பது 900 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோ உலர்ந்த மாம்பழத்துக்கு 32 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் பத்து முறை ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கெடுப்பில் இயந்திரம் மட்டுமே 560 யூனிட். வீட்டு இணைப்பில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படிகளே மாறிவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். விற்பனைக்காகச் செய்வதென்றால் குறுந்தொழிலுக்கான தனி இணைப்பைப் பற்றி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள். கிணற்று மோட்டாரின் இலவச இணைப்பிலிருந்து ஒயர் இழுக்கும் எண்ணம் வேண்டாம். அது பாசனத்துக்கு மட்டும் கொடுத்தது. பிடிபட்டால் கட்டும் தண்டத்தில் பம்பே வாங்கிவிடலாம்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் வரை மின்சாரம் நிற்கும் நாளை நாளிதழில் முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அதைப் பார்க்காமல் முந்தின நாள் மாலை இயந்திரத்தை ஓட்டிவிட்டால், கண்டன்சரில் சேர்ந்த பனியெல்லாம் உருகிப் பழத்துக்கே ஈரம் திரும்பும். அரை மணி நேரத் தடையை இயந்திரம் தாங்கும்; ஐந்து மணி நேரத்தைத் தாங்காது. வீட்டு இன்வெர்ட்டர் இதற்குப் பயன்படாது. கம்ப்ரசரும் பம்பும் கிளம்பும்போது வழக்கத்தைப்போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். ஜெனரேட்டர் வாங்குவதென்றால் அந்தக் கிளம்பும் சுமைக்கு அளவு பாருங்கள்.

பொட்டலம் கட்டுவதும் செலவுதான். உலர்ந்த துண்டு காற்றின் ஈரத்தை உடனே குடிக்கும். ஐப்பசி மழையில், அப்பளம்போல நொறுங்கிய துண்டுகளைத் தட்டில் வைத்துவிட்டு வாசலில் வந்தவரோடு பேசிவிட்டுத் திரும்பினேன்; விரலில் ஒட்டின. அலுமினிய அடுக்குள்ள உறை, ஆக்சிஜன் உறிஞ்சிப் பொட்டலம், சீல் இயந்திரம் எல்லாம் கதவைத் திறக்குமுன் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

## யாருக்கு எது?

போச்சம்பள்ளிக்காரருக்கு உள்நாட்டு எவர்சில்வர் இயந்திரமும் தொழிற்சாலைத் தர ஆயில் பம்பும் சொன்னேன். அல்போன்சாவைவிடப் பெங்களூராவிலிருந்து தொடங்கச் சொன்னேன். அதன் சதை கெட்டியானது, சர்க்கரையும் குறைவு. சீராக நறுக்க வரும், நுரைக்காது. கூழ்த் தொழிற்சாலைக்குப் போகும் அதே பழம், விலை விழுந்து கிடக்கும் வாரத்தில் நம் கையில் இன்னொரு பொருளாகிறது. இந்த வேலையில் எனக்கு மிகப் பெரிய நிறைவு அதுதான். பழத்தை எட்டு மில்லிமீட்டருக்கு நறுக்கி டீப் ஃப்ரீசரில் ஓர் இரவு உறைய வைத்துவிட்டால் இயந்திரத்துக்கும் பம்புக்கும் பல மணி நேர வேலை மிச்சம்.

ஓசூர் தம்பிக்கு 230 வோல்ட் சிறிய வீட்டு இயந்திரமும் ஸ்க்ரோல் பம்பும். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி இரவு முழுக்க ஆயில் பம்பு ஓடினால் உறவு கெடும். எண்ணெய் அதிகமுள்ள குழம்பும் நெய்யும் உலராது, சிக்குவாடை அடிக்கும் என்பதையும் சொன்னேன். தாளிப்பைத் தனியாக அனுப்பிவிட்டு, சாம்பாரை எண்ணெய் இல்லாமல் உலர்த்தலாம்.

பாலக்கோட்டுப் பெண்ணிடம் வாங்காதீர்கள் என்றேன். அவருக்கு அது வருத்தமாக இருந்திருக்கும். தக்காளியில் 94 சதவீதம் தண்ணீர். ஐந்து கிலோ வைத்தால் 300 கிராம்தான் தேறும். ஒரு கிலோ தூளுக்கு நூறு யூனிட்டுக்கு மேல் போகும். தூளாகத்தானே அரைக்கப்போகிறார்கள்? வடிவம் காக்கும் இயந்திரம் அதற்கு எதற்கு? ராயக்கோட்டை, பாலக்கோடு சந்தைகளில் தக்காளி குவியும் மாதத்துக்குச் சூரியக் கூடார உலர்த்தியும், மழை நாளுக்கு ஒரு வெப்பக் காற்று உலர்த்தியும் போதும். அதன் பிறகும் ஆசை விடவில்லையென்றால், தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற இடத்தில் சோதனைக்கு உலர்த்திப் பார்த்து, அந்தத் தூளை நாலு கடையில் விலை கேட்டுவிட்டு வரச் சொன்னேன்.

எந்த இயந்திரமானாலும் பணம் கட்டுமுன் விற்பவர் இடத்துக்குப் போய் இரண்டு சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். கண்டன்சர் குளிர்ந்தபின் வெறும் அறையை 200 மைக்ரானுக்குக் கொண்டுபோய், வால்வை மூடிப் பம்பை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். மீட்டர் விறுவிறுவென்று ஏறினால் எங்கோ கசிகிறது. அதைச் சரிசெய்யாமல் வண்டியில் ஏற்ற வேண்டாம். இரண்டாவது, உங்கள் தோட்டத்துப் பழத்தை உங்கள் கையால் நறுக்கிக் கொண்டுபோங்கள். உலர்ந்ததும் எடை போட்டுப் பார்த்து, மீண்டும் இரண்டு மணி நேரம் ஓட்டி எடை போட்டுப் பாருங்கள். எடை மாறாமல் நின்றால் உலர்ந்துவிட்டது. பம்பின் ஆயில் கண்ணாடியில் அப்போது தெரியும் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.